பந்தியும் மீட்பும்: தமிழகக் கிறித்தவ வரலாற்றில் ஒரு வினா

பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டுக் கொணர்தலைக் கரந்தைத் திணை என வகுத்துரைக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. அடகு வைத்த நகையைத் திரும்பப் பெறுவதையும் மீட்டல் என்றே இன்றும் சொல்கிறோம். இவ்விரு வழக்குகளிலும் ஒரு கருத்து உட்கிடையாக உள்ளது. மீட்கப்படும் பொருள் மீட்பவனுக்கு முன்பே உரியது. இடையில் கைமாறிப் போனது. உரியவன் விலை கொடுத்தோ, உயிரைப் பணயம் வைத்தோ அதனைத் திரும்பக் கொணர்கிறான். கிறித்தவம் தன் தலையாய கோட்பாட்டைத் தமிழில் சொல்ல முற்பட்டபோது ஈடேற்றம், இரட்சிப்பு, மீட்பு எனப் பல சொற்களைக் கையாண்டது. அவற்றுள் மீட்பு என்னும் சொல் ஆழமானது. மாந்தர் அனைவரும் இறைவனுக்கு முன்பே உரியவர் என்றால், மீட்பும் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். குலமும் தொழிலும் பார்த்து மீட்பது மீட்பு ஆகாது.

இக்கோட்பாட்டைத் தமிழகத்தில் எந்தச் சபையும் மறுத்ததில்லை. திருமுழுக்கு எல்லாக் குலத்தார்க்கும் வழங்கப்பட்டது. வானுலகில் அனைவரும் ஒரே அவையில் அமர்வர் என்பதிலும் ஐயம் எழவில்லை. மண்ணுலகில் ஒரே பாயில் அமரலாமா என்பதில்தான் ஐயம் எழுந்தது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் இம்மலரில், அவ்வையம் கடந்து வந்த வழியைச் சுருக்கமாகக் காண முற்படுகிறது இக்கட்டுரை.

அந்தியோக்கியாவில் எழுந்த வினா

இவ்வினா தமிழகத்தில் பிறந்ததன்று. கிறித்தவம் யூதரிடையே தோன்றிய சமயம். யூதரல்லாதாரும் அதில் சேரலாமா, சேர்ந்தால் யூத முறைமைகளை மேற்கொள்ள வேண்டுமா என்பதே அதன் முதல் தலைமுறை எதிர்கொண்ட பெரும் சிக்கல். உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியு என்பானின் இல்லத்துள் நுழைந்து அவனுக்குத் திருமுழுக்கு அளித்தவர் பேதுரு. கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டி எருசலேமில் கூடிய சங்கம் யூதரல்லாதார்க்கு விருத்தசேதனம் கட்டாயமில்லை என முடிவு செய்தது.

அதே பேதுரு அந்தியோக்கியா நகரில் யூதரல்லாத கிறித்தவரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து ஒதுங்கிக் கொண்டார். பவுல் அனைவர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர்க்கு எழுதிய மடலில் பவுலே இதனைப் பதிவு செய்துள்ளார்.

பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. யூதரல்லாதார்க்கு மீட்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவே. அந்த எழுச்சியே கோட்பாட்டை மறுப்பதாகும் என்று பவுல் கண்டார். தமிழகத் திருச்சபையின் வழக்கும் இப்புள்ளியிலேதான் நிலைகொண்டது.

மதுரையில் வகுத்த எல்லை

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர் எனத் தமிழுலகம் அறிந்தவர். காவியுடுத்தி, புலால் நீக்கி, அந்தணத் துறவியர் போல வாழ்ந்து, தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்து, தமிழ் உரைநடைக்குப் பெருந்தொண்டாற்றினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியன சமயச் சின்னங்கள் அல்ல. குலத்தையும் மதிப்பையும் காட்டும் உலகியல் அடையாளங்களே. ஆதலின் கிறித்தவர் ஆனோர் அவற்றை விடவேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் சில வரையறைகளுடன் இதற்கு இசைவளித்தார். தாழ்ந்தோர் எனப்படுவோரை உயர்குலத்தார் இகழலாகாது என்ற வேண்டுகோளையும் அவ்வாணையிலேயே சேர்த்திருந்தார்.

நொபிலியின் நோக்கம் அயல்நாட்டுப் பழக்கங்களைத் தமிழர் மீது சுமத்தாதிருத்தல் ஆகும். அவ்வகையில் அது பாராட்டத்தக்கது. ஆயினும் சமயம் வேறு, உலகியல் வேறு என அவர் வகுத்த எல்லை, சாதியை உலகியலின் பக்கம் பாதுகாப்பாக ஒதுக்கி வைத்தது. உயர்குலத்தாரிடம் பழகும் குரு பிறரிடம் வெளிப்படையாகப் பழக இயலாது போயிற்று. பிற குலத்தார்க்குப் பணியாற்றப் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பிரிவினர் 1640 முதல் வரலாயினர். 1703இல் புதுவைக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்நோன், நோயுற்ற பறையரின் இல்லங்களுக்கும் குருமார் சென்று அருட்சாதனம் வழங்கவேண்டும் என ஆணையிட்டார். இதற்கு ஓர் ஆணை வேண்டியிருந்தது என்பதே அன்றைய நிலையைப் புலப்படுத்தும். 1744இல் உரோமை கண்ட தீர்வும் அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை ஏற்படுத்துவதாகவே அமைந்தது.

இராசநாயக்கனுக்குக் கிடைக்காத பட்டம்

1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள், அங்கு வாழ்ந்த ஐரோப்பியரிடம் அடிமைகளாய் இருந்த ஐவர். 1707இல் இது நிகழ்ந்தது. சீர்திருத்தச் சபையின் தமிழக வரலாறு அடிமைகளிடம் தொடங்குகிறது என்பதை மறத்தலாகாது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது. வேதநூல் எவர் கைக்கும் எட்டும் என்ற நிலை அப்போது உருவாயிற்று.

அந்நூல் எட்டிய கைகளுள் ஒன்று இராசநாயக்கனுடையது. பறையர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர். வேதநூலைத் தாமே படித்துத் தெளிந்து தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் பல்லாண்டு உழைத்தார். அவருடைய அறிவையும் உறுதியையும் மிஷனரிமார் தம் குறிப்புகளில் மதித்துரைக்கின்றனர்.

1733இல் வேளாளராகிய ஆரோன் என்பார்க்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியச் சீர்திருத்தச் சபையின் முதல் உள்நாட்டுக் குரு அவரே. 1741இல் தியாகு பட்டம் பெற்றார். இராசநாயக்கன் பெயர் கருதப்பட்டும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. அவர் கையால் திருவிருந்தை வாங்க வேளாளக் கிறித்தவர் இசையார் என்னும் அச்சமே காரணம். 1771இல் மறையும் வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

அவரைத் தகுதியற்றவர் என எவரும் தீர்ப்புரைக்கவில்லை. பிறர் என்ன சொல்வரோ என்ற அச்சம் ஒன்றே தீர்ப்பாக நின்றது. அந்தியோக்கியாவில் பேதுருவை எழுப்பியதும் இவ்வச்சமே.

புதுவையில் ஒரு சுவர்

1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புதுவையில் நிகழ்ந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். பிள்ளை கிறித்தவர் அல்லர். ஆதலின் அவருடைய பதிவு ஒரு பக்கத்தாரின் வழக்குரை ஆகாது. புதுவைத் தேவாலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு பக்கம் பறையர்; மறுபக்கம் ஏனைய கிறித்தவரும் ஐரோப்பியரும். காரைக்கால் குரு ஒருவர் வந்திருந்த சமயத்தில், பறையர் திரண்டு சென்று முறையிட்டனர். நாங்கள் உங்கள் சீடர்களே என்றால் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவேண்டும், ஆண்டவர் இவ்வேற்றுமையை வைக்கவில்லையே என்பது அவர்களின் முறையீட்டின் சாரம். குருவானவர் அதனை ஏற்றார், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழ, பூசல் ஆளுநர் வரை சென்றது.

இவ்விடத்தில் நின்று நோக்க வேண்டும். சாதி எதிர்ப்பு என்பது பின்னாளில் ஆங்கில மிஷனரிமார் கொண்டுவந்து புகுத்தியது என்று பேசுவோர் உண்டு. 1745இல் புதுவையில் முறையிட்டவர்கள் எந்த ஐரோப்பியர் சொல்லியும் செல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்ட நற்செய்தியை அவர்கள் சொல்லப்பட்டவாறே நம்பினார்கள். அனைவர்க்கும் மீட்பு என்னும் கோட்பாட்டின் முழுப்பொருளைச் சுவருக்கு அப்பால் அமர்த்தப்பட்டவர்களே முதலில் உணர்ந்தனர்.

தஞ்சையில் ஒரு பெருங்கவிஞர்

தமிழ் பயில்வோர்க்கு இவ்வரலாற்றில் மிகவும் இடர் தரும் பகுதி தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றியது. 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து, சரபோசி மன்னரோடு பயின்றவர். பெத்லகேம் குறவஞ்சி உள்ளிட்ட நூல்களால் தமிழிலக்கியத்தில் அழியா இடம் பெற்றவர். அவர் பாடல்கள் இன்றும் எல்லாக் குலத்தார் நாவிலும் வாழ்கின்றன.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் சாதிக்கேற்பப் பிரிந்து அமரும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தனர். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். தமிழ் வேதநூலைத் திருத்துவது, கோயிலில் தமிழிசைக்கும் விழாக்களில் பூவுக்கும் தடை விதிப்பது ஆகியவற்றோடு சேர்த்தே இதனையும் அவர் ஒரு கொடுமையாக எண்ணினார். சாதி உலகியல் வழக்கம், ஆன்ம மீட்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற நொபிலியின் வாதமே மீண்டும் ஒலித்தது.

1833 சூலையில் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிக்கப்பட வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர்.

பூவும் பாட்டும் வேண்டும் என்று சாஸ்திரியார் வாதிட்டபோது நாம் அவர் பக்கம் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். தமிழ்க் கிறித்தவம் தமிழாகவே இருப்பதற்கு அவ்வாதம் காரணமாயிற்று. தனிப்பாய் வேண்டும் என்று வாதிட்டபோது அவர் பக்கம் நிற்க இயலாது. பூவும் பாட்டும் எவரையும் வெளியே நிறுத்துவதில்லை, தனிப்பாய் நிறுத்துகிறது. பண்பாடு என்ற ஒரே முடிச்சில் இரண்டையும் கட்டியது அக்காலத்தின் பிழை. இரண்டையும் ஒன்றாகவே வெட்ட முயன்றது மிஷனரிமாரின் பிழை. கவிஞரைப் போற்றுவோர் இதனை மறைத்துச் செல்வது கவிஞருக்கும் பெருமையாகாது.

விருந்தே தேர்வான கதை

1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே சென்றது. சாதியை விட்டொழித்ததற்குச் சான்றாகப் பிற குலத்தார் சமைத்ததை உண்ணாதவரைச் சபையில் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தது. அன்பின் விருந்துகள் என்ற பெயரில் சமபந்திகள் நடந்தன. லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சார்ந்தோர் இதற்கு உடன்படவில்லை. அறிவுறுத்தலால் காலப்போக்கில் மாறவேண்டியதைக் கட்டாயத்தால் மாற்றலாகாது என்றனர்.

இருசாராரிடமும் ஓரளவு உண்மை உண்டு. விருந்து தேர்வானபோது அதில் அன்பு குறைந்தது; யார் உண்டார், யார் உண்ணவில்லை என்று கணக்கெடுக்கும் கண்கள் பந்தியைச் சூழ்ந்தன. எல்லார்க்கும் திறந்த வாயிலில் புதிதாய் ஒரு காவலன் நின்றான். எனினும் காலப்போக்கில் மாறும் என்றோர் யாருடைய காலத்தைக் கேட்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள், இராசநாயக்கன் காலமுதல் காத்திருந்தவர்கள்.

வடக்கன்குளமும் அதன் பின்னும்

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் கட்டடக் கலையில் ஒரு வியப்பு. பீடத்திலிருந்து இரண்டு கைகள் பிரிந்து செல்லும் அமைப்பு. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடாரும் ஏனையோரும். குருவானவரை இருபாலாரும் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. சமயம் வேறு, உலகியல் வேறு என்ற வாதம் அங்கே சுண்ணாம்பும் கல்லுமாக நின்றது. 1910இல் கௌசானல் அடிகளார் பிரிவினைத் தடுப்பை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரிந்து வழிபடும் உரிமை கோரியவர்கள் வெல்லவில்லை.

சுவர்கள் அத்தோடு முடிந்துவிடவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் கண்ட ஊர்கள் உண்டு. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டமாயிருந்த பகுதியின் எறையூரில், தலித் கிறித்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். புதுவையில் அன்று சுவரை இடிக்கக் கேட்டவர்களின் வழிவந்தோர், தனிக்கோயிலாவது தாருங்கள் என்று கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது எண்ணத்தக்கது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து கர்தினாலான முதல்வர் ஆனார். இராசநாயக்கன் மறைந்து 251 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முடிவாக

மேற்கண்ட நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகிறது. மீட்பு எல்லார்க்கும் உரியது என்பதைத் தமிழகத்தில் ஒருவரும் வாயால் மறுக்கவில்லை. பாயாலும் பந்தியாலும் சுவராலும் மறுத்தனர். ஆகவே இக்கோட்பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் மறையுரைகளையும் மடல்களையும் மட்டும் படித்தல் போதாது; ஆலயங்களின் தரைப்படங்களையும், பட்டம் பெறாதோர் பட்டியலையும், இடித்த சுவர்களின் அடித்தளங்களையும் படித்தல் வேண்டும்.

ஈடேற்றம் என்னும் பழஞ்சொல்லில் உள்ள ஈடு என்பதற்கு ஒப்பு என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. அப்பொருளை வேதநூலில் தாமே படித்துக் கண்டவர் இராசநாயக்கன். தேவாலயத்தில் நின்று கேட்டவர்கள் புதுவைப் பறையர்கள். தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு நொபிலிக்கும் சாஸ்திரியாருக்கும் தக்க இடம் தந்துள்ளது. தரங்கம்பாடி உபதேசியாருக்கும் பெயர் எழுதப்படாத அம்முறையீட்டாளர்களுக்கும் அதில் ஓர் இயல் ஒதுக்கும் கடமை நம் தலைமுறை ஆய்வாளர்க்கு எஞ்சியுள்ளது.