கோதுமை இல்லாத விருந்துப் பலகாரங்கள்: மாவின் பிடிமானம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பிறந்தநாள், வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா என்று நாலு பேர் கூடும் எந்த விருந்திலும் முதலில் காலியாவது கையில் எடுத்து உண்ணும் காரப் பலகாரத் தட்டுதான். சமோசா, பஃப்ஸ், ரோல்ஸ், பாட்டிஸ் என்று இன்று அந்தத் தட்டை நிரப்புபவற்றில் பெரும்பாலானவை மைதாவால் ஆனவை. கோதுமையைத் தவிர்க்க வேண்டிய விருந்தாளி ஒருவர் வந்துவிட்டால் அவருக்கு மட்டும் ஒரு வாழைப்பழம் நீட்டப்படுகிறது.

மைதாப் பண்டத்தை வேறு மாவில் நகல் எடுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். மாவு விரிசல் விடுகிறது, உதிர்கிறது, எண்ணெயில் பிரிகிறது. நகலெடுப்பதை விட்டுவிட்டு, குளுட்டன் இல்லாத மாவுக்கு இயல்பாக உள்ள பிடிமான வழிகளைப் பயன்படுத்துவதே எளிது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதை முதலில் மாவின் இயல்பைக் கொண்டும், பிறகு செய்முறைகளைக் கொண்டும் நிறுவலாம்.

1. குளுட்டனும் அதன் பணியும்

1.1 மாவில் நிகழ்வது

கோதுமை மாவில் கிளையடின், குளுட்டெனின் என்ற இரு புரத வகைகள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்போது இவை இணைந்து இழுபடும் வலைப்பின்னலாகின்றன. அதுவே குளுட்டன். கிளையடின் நெகிழ்வையும் குளுட்டெனின் இழுவிசையையும் தருகின்றன. சமோசாவின் மேல்மாவைக் கிழியாமல் மெல்லியதாகத் தேய்க்க முடிவதும், பஃப்ஸின் அடுக்குகள் நீராவியைத் தாங்கி எழும்புவதும் இதனால்தான். பார்லியிலும் ரை தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உண்டு. அரிசி, உளுந்து, கடலை, சோளம், கம்பு, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றில் இல்லை.

1.2 யாருக்கு விலக்கு

சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் குளுட்டன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. இது தன்னெதிர்ப்பு நோய். வாழ்நாள் முழுவதும் குளுட்டனை விலக்குவதே இதற்கான மருத்துவம். இந்தத் தொடர்பை நிறுவியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. அவரது முனைவர் பட்ட ஆய்வு 1950-இல் உத்ரெக்டில் வெளியானது. இந்தியாவில் கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட வட மாநிலங்களில் இந்நோய் அதிகம், தெற்கில் மிகக் குறைவு. கோதுமை ஒவ்வாமை இதனின்று வேறானது. அதில் எதிர்வினை நிமிடங்களில்கூடத் தோன்றலாம்.

பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸின்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இல்லாததையே ‘குளுட்டன் இல்லாதது’ என்று குறிக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பும் அதுவே. ஆகவே சிட்டிகை மைதாவும் இங்கே கணக்கில் வரும்.

2. பிடிமானத்தின் மூன்று வழிகள்

2.1 வெந்த மாவுச்சத்து

அரிசிமாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் அது ஒட்டாது, விண்டு போகும். கொதிநீரில் கிளறினால் கதை மாறுகிறது. ஏறத்தாழ 65 முதல் 78 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரிசி மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டும் கூழாகின்றன. கொழுக்கட்டையின் மேல்மாவும் இடியாப்ப மாவும் இந்த ஒட்டலில்தான் நிற்கின்றன. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துச் சீஸ் ரொட்டியான பாவோ டி கெய்ஜோவிலும், கொதிக்கும் பாலும் எண்ணெயும் மரவள்ளி ஸ்டார்ச்சில் ஊற்றப்படுவது இதே காரணத்துக்காகத்தான்.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. நம் சாப்பாட்டு அரிசி வகைகள் பலவற்றில் அமைலோஸ் மிகுதி. வெந்த மாவு ஆறும்போது அமைலோஸ் மீண்டும் இறுகுவதால் கொழுக்கட்டை விறைக்கிறது. மரவள்ளியில் அமைலோஸ் குறைவாதலால் அது ஜவ்வுத் தன்மையோடு இருக்கும்.

2.2 கொழுப்பும் நொறுங்கலும்

தட்டை, சீடை, முறுக்கு ஆகியவற்றுக்கு இழுபடும் தன்மையே தேவையில்லை, நொறுங்கல்தான் தேவை. மாவில் வெண்ணெயைப் பிசிறிய பின் நீர் தெளித்துச் சேர்ப்பதால் மாவுத் துகள்களைக் கொழுப்பு சூழ்ந்துகொள்கிறது. பொரிக்கும்போது நீர் ஆவியாகி வெளியேற, மொறுமொறுப்பு எஞ்சுகிறது. கோதுமையில் பிஸ்கட் செய்பவர்கள் குளுட்டன் உருவாகாமல் இருக்கப் படாத பாடு படுகிறார்கள். அரிசிமாவில் அந்தத் தொல்லை தொடக்கத்திலேயே இல்லை.

2.3 புரதமும் பிசினும்

முட்டை சூட்டில் உறைந்து மாவைக் கட்டுகிறது. உளுந்தின் பிசுபிசுப்புக்குக் காரணமான அரபினோகாலக்டன் என்ற கூட்டுச்சர்க்கரையும் பிடிமானத்துக்கு உதவுகிறது. தட்டை மாவில் வறுத்த உளுந்து மாவு சேர்ப்பது மணத்துக்காக மட்டுமல்ல. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மிகுதியாக விளையும் இசப்கோல் உமி, நீரில் களியாகி, மாவுக்கு ஓரளவு நெகிழ்வைத் தருகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் இந்த உமி கால் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கூடினால் பண்டம் ரப்பர்போல் ஆகிவிடும்.

3. விருந்துக்கு ஏற்ற பண்டங்கள்

3.1 அம்மிணிக் கொழுக்கட்டை

ஒரு கப் அரிசிமாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் உருண்டைகள் பளபளக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த்துருவலோடு புரட்டிப் பல்குச்சி செருகி வைக்கலாம்.

நீரின் அளவு மாவைப் பொறுத்தது. ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்த ஈரமாவு குறைந்த நீரையே கேட்கும். கடையில் வாங்கும் உலர்மாவில் அரைபட்டுச் சிதைந்த மணிகள் கூடுதலாதலால் அது அதிக நீரை இழுக்கும். கொழுக்கட்டை ஆறினால் இறுகும் என்பதால் இதைப் பரிமாறும் நேரத்தில்தான் ஆவியில் ஏற்ற வேண்டும். உருட்டிய உருண்டைகளை ஈரத்துணி மூடி ஓரிரு மணி நேரம் வைத்திருக்கலாம்.

3.2 தட்டுவடை செட்

சேலத்துத் தெருக்கடைகளின் தட்டுவடை செட் விருந்துக்கென்றே பிறந்ததைப் போன்ற பண்டம். இரண்டு கப் அரிசிமாவு, வறுத்த உளுந்து மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறிய கடலைப்பருப்பு, வெண்ணெய் ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி, தேவைக்கு மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை. வெண்ணெயை முதலில் பிசிறிவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். நெல்லிக்காய் அளவு எடுத்து, எண்ணெய் தடவிய உறையில் வைத்து உள்ளங்கையால் தட்டி, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்த வேண்டும். இந்தக் குத்தல் அலங்காரமல்ல. மேற்பரப்பு இறுகிய பிறகு உள்ளே சிக்கும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் தட்டை பூரியாக உப்பும். சீடை வெடிப்பதற்கும் அதே நீராவிதான் காரணம்.

எண்ணெயில் போட்டதும் எழும் சலசலப்பு படிப்படியாக அடங்கும். ஓசை நின்றால் நீர் வற்றிவிட்டது, எடுத்துவிடலாம். துருவிய காரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டுக் காரச் சட்னி, புதினாச் சட்னி ஆகியவற்றை இரண்டு தட்டைகளுக்கு இடையே வைத்து எலுமிச்சை பிழிந்தால் செட் தயார். தட்டையை இரண்டு மூன்று நாள் முன்பே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். அடுக்கும் வேலை மட்டும் விருந்தாளிகள் வந்த பிறகு. முன்கூட்டியே அடுக்கினால் நமுத்துவிடும். கடையில் தட்டை வாங்குபவர்கள் மைதா கலந்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

3.3 மரவள்ளிச் சீஸ் உருண்டை

இது மேற்சொன்ன பிரேசில் பண்டத்தின் வீட்டு வடிவம். மரவள்ளி ஸ்டார்ச் 250 கிராம், பால் 125 மில்லி, எண்ணெய் 60 மில்லி, முட்டை ஒன்று, துருவிய சீஸ் 120 கிராம். கடைச் சீஸில் உப்பு இருப்பதால் கூடுதல் உப்பு கொஞ்சமாகப் போதும். பாலையும் எண்ணெயையும் பொங்கக் காய்ச்சி ஸ்டார்ச்சில் ஊற்றிக் கிளறி, வெதுவெதுப்பாக ஆறியதும் முட்டையும் சீஸும் சேர்த்துப் பிசைய வேண்டும். சூடாக இருக்கும்போதே முட்டையை உடைத்து ஊற்றினால் அது திரிந்துவிடும். 20 கிராம் உருண்டைகளாக்கினால் முப்பது வரை கிடைக்கும். 200 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடத்தில் உப்பிப் பொன்னிறமாகும்.

ஓர் எச்சரிக்கை. கிழங்கை உலர்த்தி அரைத்த மாவு வேறு, அதிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச் வேறு. இதற்குத் தேவை ஸ்டார்ச். ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்தாலும் சரிவராது. மணியாக்கும்போதே சூடு கண்டு ஓரளவு வெந்த சரக்கு அது. சுடாத உருண்டைகளை உறைநிலைப் பெட்டியில் வைத்து, அப்படியே ஓவனில் ஏற்றலாம். விருந்தன்று அடுக்களையில் நிற்கும் நேரம் இதனால் பெரிதும் குறைகிறது.

3.4 கிண்ணப் பேஸ்ட்ரி

பஃப்ஸ் போன்ற அடுக்குப் பண்டத்தைக் குளுட்டன் இல்லாமல் வீட்டில் கொண்டுவருவது கடினம். அதே வெண்ணெய்ச் சுவையைக் கிண்ண வடிவில் எளிதாகப் பெறலாம். அரிசிமாவு 150 கிராம், கடலைமாவு 50, மரவள்ளி ஸ்டார்ச் 50, இசப்கோல் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இதில் 125 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் புட்டுமாவுப் பதத்துக்குப் பிசிறி, ஒரு முட்டை சேர்த்துத் திரட்ட வேண்டும். மூடி அரை மணி நேரம் வைத்தால் மாவு ஈரத்தை உள்வாங்கி நறநறப்பு தணியும்.

இந்த மாவைக் குழவியால் தேய்க்கவே கூடாது, விரிசல்தான் மிஞ்சும். சிறு உருண்டைகளாகக் கிள்ளி, சிறு கிண்ண அச்சுகளில் கட்டைவிரலால் அழுத்திப் பரப்ப வேண்டும். கிழிந்த இடத்தில் இன்னொரு துணுக்கை ஒட்டி அழுத்தினால் போதும். குளுட்டன் இல்லாத மாவு அழுத்தி அழுத்தி முரடாவதில்லை என்பது இங்கே அனுகூலம். 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் மிளகுக் காளானோ உருளைக்கிழங்கு மசாலாவோ நிரப்பலாம்.

3.5 ரோல்ஸும் கட்லட்டும்

ஈழத் தமிழர் விருந்துகளில், கொழும்பானாலும் டொராண்டோவானாலும், ரோல்ஸும் கட்லட்டும் தவறாமல் இடம்பெறும். ரோல்ஸின் உறை கோதுமை மாவுத் தோசை, இரண்டின் மேற்பூச்சும் ரொட்டித்தூள். உறைக்கு வியட்நாமிய அரிசித் தாளை நீரில் நனைத்துப் பயன்படுத்தலாம். சுற்றிய பின் பத்து நிமிடம் உலரவிட்டுப் பொரித்தால் எண்ணெய் அதிகம் தெறிக்காது. ரொட்டித்தூளுக்குப் பதில் கொரகொரப்பாகப் பொடித்த அவல். உள்ளே வைக்கும் மீன், உருளைக்கிழங்குக் கறியை மாற்ற வேண்டியதில்லை.

4. மறைந்திருக்கும் கோதுமை

அரிசிமாவு என்பதாலேயே பண்டம் பாதுகாப்பானதாகிவிடாது. கோதுமை நுழையும் வாசல்கள் நான்கு.

அ. பெருங்காயம்: கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ அரிசிமாவோ கலந்திருக்கும். உறையின் பின்புறம் படித்து, அரிசிமாவு கலந்ததை வாங்க வேண்டும். இல்லையேல் பூண்டைத் தட்டிப் போடலாம்.

ஆ. மாவு மில்: கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாக நம் அரிசியைக் கொட்டினால், முந்தைய மாவின் மிச்சம் நம் பாத்திரத்தில் விழும். சீலியாக் உள்ளவருக்குச் சமைப்போர் வீட்டு மிக்ஸியில் அரைப்பதோ, முத்திரையிட்ட குளுட்டன் இல்லாத மாவை வாங்குவதோ நல்லது.

இ. எண்ணெய்ச் சட்டி: பூரி பொரித்த எண்ணெயில் தட்டையைப் பொரிக்கக் கூடாது. சூடு குளுட்டனை அழிப்பதில்லை.

ஈ. சாஸ், ரவை, சேமியா: வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. ரவை, சேமியா இரண்டும் கோதுமைச் சரக்குகளே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

5. பரிமாறும் ஒழுங்கு

குளுட்டன் உள்ளதும் இல்லாததும் ஒரே மேசையில் இருந்தால், ஒரே கரண்டி இரண்டு தட்டுகளிலும் புழங்கும், ரொட்டித்தூள் சட்னிக் கிண்ணத்தில் விழும். காரப் பலகாரத் தட்டு முழுவதையுமே கோதுமை இல்லாததாக ஆக்கிவிடுவது மிக எளிய தீர்வு. அப்போது பெயர்ச்சீட்டும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

வேலைப் பங்கீடும் இதற்கு இசைவாகவே அமைகிறது. தட்டையையும் உறைந்த சீஸ் உருண்டைகளையும் முன்னரே தயாரிக்கலாம். கிண்ணங்களைக் காலையில் சுடலாம். கொழுக்கட்டையை ஆவியில் ஏற்றுவதும், தட்டையை அடுக்குவதும், கிண்ணங்களை நிரப்புவதும் கடைசி நேர வேலைகள்.

முடிவுரை

குளுட்டன் இல்லாத மாவுக்குப் பிடிமானம் இல்லை என்பது பாதி உண்மை. இழுபடும் பிடிமானம்தான் அதற்கு இல்லை. கொதிநீரில் கிளறினால் ஒட்டும், வெண்ணெயில் பிசிறினால் நொறுங்கும், முட்டையும் உளுந்தும் இசப்கோலும் சேர்ந்தால் கட்டும். மேலே கண்ட ஐந்தில் எதற்கும் மாவை மெல்லியதாகத் தேய்க்கும் தேவை எழவில்லை. இழுபட வேண்டிய உறை ஒன்றே ஒன்றுதான், அதையும் ஆயத்தமாகக் கிடைக்கும் அரிசித் தாளே தந்துவிட்டது. கருதுகோள் அவ்வகையில் நிறுவப்படுகிறது. விருந்து வைப்போர் அழைக்கும்போதே ‘கோதுமை சேராதவர் யாரும் உண்டா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அவருக்குத் தனித்தட்டு போடாதீர்கள், எல்லோருக்கும் அவர் சாப்பிடக்கூடியதையே செய்யுங்கள்.