தணிக்கை

தணிக்கை: பணத்தைச் செலவிட்டவர் அல்லாத ஒருவர் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது. (திரைப்படத் தணிக்கை வேறு, அது இங்கே வேண்டாம்.)

'தணி' என்ற வினையிலிருந்து பிறந்த சொல்போலத் தோன்றும். உண்மையில் உருது வழியாக வந்தது. அரபியில் 'தன்கீஹ்' என்றால் வேண்டாததைக் களைந்து செப்பம் செய்தல். தெலுங்கின் 'தனிகீ'யும் அதுவே. ஆடிட்டர் என்பதன் லத்தீன் வேருக்கோ 'கேட்பது' என்று பொருள். அன்று கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டார்கள்.

சொல்தான் புதிது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்விலிருந்து விலக்கியது.

இந்திய அரசமைப்பின் 148ஆம் பிரிவு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை ஏற்படுத்துகிறது. அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருக்கக்கூடும் என்றார் அம்பேத்கர், 1949இல். இவருடைய அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. தாமதமாகப் போனால் தவறான திட்டத்துக்கே மறுபடியும் பணம் ஒதுக்கப்படும். அதனால் தாமதத்தையும் குற்றமாகவே கருத வேண்டும் என்பேன்.

'சமூகத் தணிக்கை' பழைய லத்தீன் பொருளுக்கே திரும்புகிறது. 1994 முதல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற மக்கள் அமைப்பு அரசுப் பணிகளின் கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தது. செய்யாத வேலைக்குத் தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டதை மக்கள் அங்கேதான் அறிந்தார்கள். 2005இன் வேலை உறுதிச் சட்டம் இப்படித் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைகளுக்கு வழங்கியது.