நந்தவனம் பயிற்றும் ஐம்புலன்



கோயிலுக்கு விளக்கும் விளைநிலமும் அளித்த நம் முன்னோர் நந்தவனமும் வைத்தனர். நந்தவனத்துக்கு நிலம் விட்டதையும், அதனைப் பேணுவோர்க்குச் சீவிதம் வகுத்ததையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உரைக்கின்றன.

அங்கே கண்ணுக்கு நிறம் உண்டு. செவிக்கு வண்டொலி உண்டு. மெய்க்குத் தண்ணிழல் உண்டு. நாவுக்கோ திருவைந்தெழுத்தே சுவை. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி, அவ்வைந்தெழுத்தை ஓதியபடியே கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து, மாலை தொடுத்து, வர்த்தமானீச்சரத்து இறைவர்க்குச் சாத்தினார்.

மூக்குக்குரிய மணத்தை மட்டும் அடியார் தமக்கென நுகர்ந்திலர். திருவாரூரில் பூமண்டபத்தருகே விழுந்த பூவை மோந்தமைக்காகக் கழற்சிங்கர் தேவியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார். எடுத்த கையை அரசரே துணித்தார். கடுமையாகத் தோன்றும் இவ்வரலாறு, முதல் நுகர்ச்சி இறைவனுடையது என்பதையே உணர்த்துகின்றது.

இன்று நம் ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலம், வடகாட்டுத் தோட்டங்களில் மலருக்குக் குறைவில்லை. பூ விலைக்குக் கிடைக்கும். நீர் வார்த்து, மணத்தை மறந்து கொய்யும் தொண்டு விலைக்குக் கிடைக்குமோ? நாம் ஒவ்வொருவரும் ஒரு செடியேனும் இறைவனுக்கென வளர்ப்போமாக.

திருச்சிற்றம்பலம்.