ஏணி இல்லாத ஆண்டுகள்

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. பெருங்கடவிளை முக்கில் இருக்கும் சாயக்கடையில் ஒரே ஒரு கைபேசியைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணி கோவாவின் டெம்போவோடு ஆடிக்கொண்டிருந்தது. ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். முதலிடம் பிடிக்கும் அணி ஐ.எஸ்.எல். என்ற மேல் லீகுக்குப் போகும். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே லெசோத்தோ நாட்டு தாபிசோ பிரவுன் இரண்டு கோல் போட்டுவிட்டார். கடைக்காரர் கேட்காமலே எல்லோருக்கும் சாயா ஆற்றினார்.

அந்தச் சாயா ஆறுவதற்குள் கதை மாறத் தொடங்கியது. பிரவுன் மூன்றாவது கோலும் அடித்தார். அப்படியும் டெம்போ 4-3 என்று ஜெயித்தது. காலி கிளாஸ்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனபோது, பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சாரே, இவங்க முன்னாடியே ரெண்டு தடவ கப்பு எடுத்தவங்கல்லா? அப்பமே மேல போயிருக்கணுமே, ஏன் போகல்ல?”

சரித்திரம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். “அது அப்படித்தாண்டே” என்று சொல்லித் தப்ப வழியில்லை. மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிரந்தசாலைக்குப் போனேன்.

முதல் சாட்சி: பட்டியல்

ஆண்டு, இடம், புள்ளி என்று மூன்று பத்தி போட்டேன். கோகுலம் பிறந்தது 2017-இல். 2020-21 சீசனுக்கு நேராக ‘முதலிடம், 29 புள்ளி’ என்று எழுதினேன். அதே 29 புள்ளி சர்ச்சில் பிரதர்ஸுக்கும் இருந்தது. கடைசி நாள் 2021 மார்ச் 27. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மணிப்பூரின் ட்ராவ் அணியோடு மோதிய கோகுலம் இடைவேளையில் 0-1 என்று பின்தங்கியிருந்தது. எழுபதாவது நிமிடம் வரை அதே நிலைமை. பிறகு ஷெரீஃப் முகமது, எமில் பென்னி, டென்னிஸ் ஆன்ட்வி, முகமது ரஷீத் என்று நான்கு பேர் வரிசையாக அடிக்க, 4-1. சர்ச்சிலோடு நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு கோகுலத்துக்குச் சாதகமாக இருந்ததால் கப்பு கேரளத்துக்கு வந்தது. கேரளத்து அணி ஒன்று தேசிய லீகை வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த வரி 2021-22: முதலிடம், 43 புள்ளி. 2022 மே 14 அன்று அதே சால்ட் லேக்கில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியை 2-1 என்று வென்று கப்பைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஐ-லீக் என்ற பெயர் வந்த 2007 முதல் அதுவரை எந்த அணியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கோப்பை வென்றதில்லை.

ஆட்டத் திறமையில் குறை இருந்ததோ என்று சந்தேகப்பட்டு மேலும் நான்கு நாள் தள்ளிப் பார்த்தேன். மே 18, மறுபடியும் சால்ட் லேக், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டி. எதிரணி ஏ.டி.கே. மோகன் பகான், ஐ.எஸ்.எல்.-இல் ஆடும் பெரிய வீட்டுப் பிள்ளை. அந்த அணியின் சொந்த மைதானத்தில் கோகுலம் 4-2 என்று வென்றது. மேல் லீகில் ஆடத் தகுதியுண்டா என்று கேட்பவர்களுக்கு அந்த ஸ்கோர் போதும்.

அப்படியானால் தடுத்தது எது? பட்டியலில் விடை இல்லை. பட்டியல், யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று சொல்லும். எடுத்த புள்ளியை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லாது. அது விதிமுறையில் இருக்கிறது.

இரண்டாம் சாட்சி: தேதி

விதியைத் தேடிப் போனால் கோலாலம்பூர் வரை போக வேண்டியிருந்தது. ஐ.எஸ்.எல். 2014-இல் தொடங்கியபோது அது எட்டு நகரங்களுக்கு விற்கப்பட்ட போட்டி. கீழிருந்து யாரும் ஏறி வரவும் முடியாது, மேலிருந்து யாரும் விழவும் முடியாது. அதே நாட்டில் ஐ-லீக் தனியாக நடந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்த கதை. இந்தச் சிக்கலைத் தீர்க்க 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு கோலாலம்பூரில் எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பேசியது. ஐ.எஸ்.எல். நாட்டின் தலையாய லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியன், அனுமதி நிபந்தனைகளை நிறைவு செய்தால், நுழைவுக் கட்டணம் இல்லாமல் மேலே போகலாம் என்றும் முடிவானது.

எந்த ஆண்டிலிருந்து? 2022-23 சீசனிலிருந்து.

இந்தத் தேதியை எழுதிவிட்டு நோட்டில் மேல் வரியைப் பார்த்தேன். கோகுலம் இரண்டாவது கப்பை எடுத்தது 2021-22-இல். ஏணி சாத்தப்பட்டது அதற்கு அடுத்த சீசனில்! பையனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கோகுலம் தவறவிட்டது புள்ளியையும் அல்ல, கோலையும் அல்ல. ஒரே ஒரு சீசனை.

மூன்றாம் சாட்சி: கோயம்புத்தூர்

ஒரு அணிக்கு மட்டும் நடந்திருந்தால் அதை அதிர்ஷ்டக் கேடு என்று மூடி வைத்திருப்பேன். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2017-இல் மிசோரமின் ஐஸ்வால். 2018-இல் மினர்வா பஞ்சாப். 2019-இல் நம்முடைய சென்னை சிட்டி. 2020-இல் மோகன் பகான். பிறகு கோகுலம் இரண்டு முறை. ஆறு கோப்பைகள், ஒன்றுக்குக்கூட ஏணி இல்லை.

இதில் சென்னை சிட்டியின் கதை எங்கள் பக்கத்தைத் தொட்டுச் செல்கிறது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு மைதானம். மினர்வா ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால். சென்னை ஜெயிக்காமல் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கப்பு கொல்கத்தாவுக்கு. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, சென்னை 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தும் பயனில்லை: சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்கால் 2020-இல் முதலீட்டாளர் ஒருவரோடு ஐ.எஸ்.எல்.-க்குள் நுழைந்தது. மோகன் பகான் ஏ.டி.கே. அணியோடு இணைந்து அதே ஆண்டு உள்ளே போனது. கோப்பை வென்ற சென்னை சிட்டியோ 2021-22 சீசனில் ஐ-லீகிலேயே இல்லை. ஏணி இல்லாத காலத்திலும் மேலே போக வழி இருந்திருக்கிறது. அது புள்ளிப் பட்டியல் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

தனி ஆட்களுக்கும் அந்தத் தடை இல்லை. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோரம் பொழியூர். சந்தோஷ் டிராபியில் கேரளத்துக்கு ஆட்களைத் தந்த ஊர். 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை டை பிரேக்கரில் வென்ற கேரள அணியில் பொழியூர்க்காரரான சீசன் என்ற வீரர் இருந்தார். பொழியூரைத் தாண்டினால் நீரோடி, அங்கிருந்து தமிழ்நாடு. அந்தக் கரையோரத்து இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டிக்காக 2017-18-இல் ஆடியவரை மறு சீசனில் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் எடுத்துக்கொண்டது. அவர் போன பிறகு அவருடைய பழைய அணி நாட்டின் கோப்பையை வென்றது. ஆள் ஏறினார், அணி ஏறவில்லை.

குறுக்கு விசாரணை

ஏணி வந்த பிறகு கோகுலம் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இது ஆய்வல்ல, ஒப்பாரி. 2022-23: மூன்றாமிடம், 39 புள்ளி. முதலிடம் வந்த பஞ்சாபுக்கு 52. இந்தப் பஞ்சாப் வேறு யாருமல்ல, 2018-இல் கப்பு எடுத்தும் போக இடமில்லாமல் நின்ற அதே மினர்வா. உரிமையாளரும் பெயரும் மாறி, ஏணியில் ஏறிய முதல் அணி. 2023-24: கோகுலம் மறுபடி மூன்றாமிடம், 42. முதலிடம் வந்த முகமதனுக்கு 52. ஆக, 13 புள்ளி, 10 புள்ளி வித்தியாசம். இதை மயிரிழை என்று சொல்ல நாக்கு கூசும்.

மயிரிழை என்று சாயக்கடை நம்பியது 2025-ஐத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவில் பட்டியல் இப்படி நின்றது: சர்ச்சில் 40, இன்டர் காசி 39, ரியல் காஷ்மீர் 37, கோகுலம் 37. டெம்போவை ஜெயித்திருந்தால் கோகுலத்துக்கும் 40. ஆனால் பட்டியல் அங்கே நிற்கவில்லை. ஜனவரியில் இன்டர் காசியோடு ஆடி 2-0 என்று வென்ற நாம்தாரி அணி, தகுதியில்லாத வீரர் ஒருவரைக் களமிறக்கியதாக ஒரு வழக்கு. ஒழுங்கு நடவடிக்கைக் குழு காசிக்குப் புள்ளி கொடுத்தது. மேல்முறையீட்டுக் குழு அதற்கு மாறாகச் சொன்னது. சர்ச்சில் கையில் கோப்பை போனது. சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2025 ஜூலை 18 அன்று இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. காசியின் கணக்கு 42 ஆயிற்று.

பென்சிலை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். அன்று பிரவுன் இன்னும் இரண்டு கோல் போட்டிருந்தாலும், சாயக்கடையில் வெடி வெடித்திருந்தாலும், கோகுலத்தின் உச்சக் கணக்கு 40-தான். மூன்று மாதம் கழித்து அதை 42 விழுங்கியிருக்கும். நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஆட்டத்தில், இறுதிக் கணக்கின்படி, கோகுலத்துக்குப் பெற ஒன்றும் இருக்கவில்லை.

ஷெஃபீல்டில் ஒரு ஒத்த வழக்கு

இப்படி வேறெங்காவது நடந்திருக்கிறதா? பேருந்து ஏறித் திருவனந்தபுரம் போய், இங்கிலாந்தின் பழைய லீக் கணக்குகளைப் புரட்டினேன். 1949-50 இரண்டாம் பிரிவுப் பக்கம் வந்ததும் கை நின்றது. டாட்டன்ஹாம் 61 புள்ளியோடு முதலிடம். முதல் இரண்டு அணிகள்தான் மேலே போகும். அடுத்த இடத்தில் மூன்று அணிகள், மூன்றுக்கும் 52 புள்ளி: ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, ஷெஃபீல்ட் யுனைடெட், சவுத்தாம்ப்டன்.

அன்றைய விதி கோல் சராசரி. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். வெட்னஸ்டே 67-48, அதாவது 1.396. யுனைடெட் 68-49, அதாவது 1.388. சவுத்தாம்ப்டன் 64-48, 1.333. ஒரே ஊரின் இரண்டு அணிகளில் ஒன்று 0.008 வித்தியாசத்தில் மேலே போனது, மற்றது கீழேயே நின்றது. வெட்னஸ்டே கடைசி ஆட்டத்தில் டாட்டன்ஹாமோடு 0-0. அதுவே 1-1 ஆகியிருந்தால் இரண்டு அணிகளின் கணக்கும் 68-49 என்று அச்சு மாறாமல் ஒன்றாகியிருக்கும். 2-2 ஆகியிருந்தால் யுனைடெட் போயிருக்கும்.

இங்கிலாந்து 1976-77-இல் விதியை மாற்றியது. வகுப்பதை விட்டுக் கழிக்கத் தொடங்கினார்கள். அந்த விதியைப் பழைய பட்டியலுக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்னஸ்டே 67-இல் 48 போக 19. யுனைடெட் 68-இல் 49 போக, அதுவும் 19. வித்தியாசம் சமம் என்றால் கூடுதல் கோல் அடித்தவருக்கு இடம், யுனைடெட் 68. ஒரு கோல்கூட மாறாமல், ஒரு புள்ளிகூட மாறாமல், யுனைடெட் மேலே போகிறது! 26 ஆண்டு தாமதமாக வந்த விதி அது.

வெட்னஸ்டேவின் மகிழ்ச்சியும் ஓர் ஆண்டுதான். 1950-51 கடைசி நாளில் எவர்ட்டனை 6-0 என்று துவைத்தும், செல்சியோடு சமப் புள்ளியில் நின்று, அதே கோல் சராசரியில் 0.044 குறைந்து கீழே இறங்கியது. ஏற்றிவிட்ட வகுத்தல் கணக்கே இறக்கியும் விட்டது.

கோடு

கோடு போடப்பட்ட தேதி வாழ்க்கையை மாற்றும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் நடந்து கடக்கும் தூரம்தான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஒருபுறம் தமிழ்ப் பாடப்புத்தகமும் மறுபுறம் மலையாளப் பாடப்புத்தகமும் தூக்கினார்கள். பரீட்சையில் யாரும் தோற்றதால் நடந்ததல்ல அது.

லொசான் தீர்ப்பும் வந்த பிறகு ஒரு மாலையில் சாயக்கடைக்கு நோட்டோடு போனேன். பையன் இருந்தான். பட்டியலைக் காட்டினேன். ஆண்டு, இடம், புள்ளி என்ற மூன்று பத்திக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று சேர்த்திருந்தேன்: ‘ஏணி உண்டா?’ 2017 தொடங்கி 2022 வரை ஆறு வரியிலும் ‘இல்லை’. 2023, 2024, 2025 மூன்றிலும் ‘உண்டு’.

அவன் விரலை வைத்து வரி வரியாக இறங்கிவந்து, 2022-க்கும் 2023-க்கும் நடுவில் நிறுத்தினான். “இந்த இடத்துலயா சாரே?” என்றான். ஆமாம் என்றேன். என் பென்சிலை வாங்கி, அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தான்.