காகமும் துப்பாக்கியும்: ஆங்கிலச் சட்ட வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

ஆங்கில நாட்டுச் சட்டத்தின் வரலாற்றைக் கற்போர் மகா சாசனம், உரிமை மசோதா முதலிய பெருஞ் சாசனங்களிலேயே கருத்தைச் செலுத்துவது வழக்கம். விதைத்த நிலத்தில் இறங்கும் காகத்தை எக்கருவியால் கொல்லலாம், அக்கருவியைக் கையில் வைத்திருக்கத் தகுதியுடையோர் யாவர் என்னும் வினாக்கள் அவற்றோடு ஒப்பிடுகையில் அற்பமானவையாகத் தோன்றும். ஆயினும், சாதாரணக் குடிமகன் ஒருவன் தன் வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகாது என்பது நீதிமன்றத்தில் நிலைபெற்றபோது, அவனுக்குத் துணைநின்ற நியாயங்களுள் ஒன்று காகமே. பிரபுக்களின் வேட்டை இன்பத்துக்கும் கமக்காரனின் தானியத்துக்கும் இடையே நடந்த நெடிய வழக்கில் அக்கரிய பறவை பெற்ற இடம் ஆராயத்தக்கதாகும்.

எட்டாம் ஹென்றி மன்னனின் பாராளுமன்றம் 1532ஆம் ஆண்டில் தானியப் பாதுகாப்பைக் கருதி ஒரு சட்டம் இயற்றியது. காகங்களும், கூட்டங்கூட்டமாக மரங்களில் கூடுகட்டி வாழும் ரூக் என்னும் காக இனமும், அவற்றின் உறவினமான வேறு சிலவும் விதைகளையும் கதிர்களையும் அழிப்பதோடு, வைக்கோல் வேய்ந்த கூரைகளையும் பிய்த்தெறிகின்றன என்பது அச்சட்டத்தின் முறையீடு. அவற்றை ஒழித்தல் ஊரார் அனைவரதும் கடமையாக்கப்பட்டது. ஊர்தோறும் காகம் பிடிக்கும் வலையொன்றைப் பத்தாண்டுகளுக்குப் பழுதின்றி வைத்திருத்தல் வேண்டும். பதரைத் தூவிப் பறவைகளை ஈர்த்து அவ்வலையில் அகப்படுத்தல் வேண்டும். சட்டம் விதித்த கருவி வலை. துப்பாக்கி அப்போது இங்கிலாந்தில் அறியப்படாத பொருளன்று. எனினும் அதனைக் குடியானவன் கையிற் கொடுக்க அரசு விரும்பவில்லை.

அவ்விருப்பமின்மை ஒன்பது ஆண்டுகளின் பின் வெளிப்படையாயிற்று. ஆண்டு வருமானம் 100 பவுணுக்குக் குறைந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையும் சுடுவதையும் 1541ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; மீறியோருக்கு 10 பவுண் தண்டம். துப்பாக்கியின் நீளமும் அளந்து கூறப்பட்டது. கைத்துப்பாக்கியாயின், பிடியும் சேர்த்து ஒரு யாருக்குக் குறைதல் ஆகாது. வேறொரு வகையாயின் முக்கால் யாருக்குக் குறைதல் ஆகாது. ஆடைக்குள் மறைத்துச் சென்று வழிப்பறி செய்யத்தக்க குறுந்துப்பாக்கிகளே அரசுக்கு அச்சமூட்டின. விற்போர்ப் பயிற்சி அருகிப்போகுமென்ற கவலையும் அதனோடு சேர்ந்திருந்தது. விலக்குகள் சில உண்டு. ஊரிலிருந்து கால் மைலுக்கு அப்பால் தனித்து நின்ற வீட்டில் வாழ்வோரும், கடற்கரையை அடுத்து ஐந்து மைலுக்குள் வாழ்வோரும் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கலாம். கள்வனை எண்ணிய சட்டம், பகைவரின் கப்பலையும் எண்ணியது. காகத்தை எண்ணவில்லை.

துப்பாக்கி உடையவனாயினும் ஒற்றைக் குண்டினால் பறக்கும் பறவையை வீழ்த்தல் அரிது. ஒரே வெடியில் சிதறிப் பாயும் பல சிறு ஈயச் சன்னங்களே அதற்கு ஏற்றவை. ஆறாம் எட்வேட் மன்னனின் காலத்து 1548ஆம் ஆண்டுச் சட்டம் அச்சன்னங்களையே தடைசெய்தது. பாராளுமன்றப் பிரபு என்ற நிலைக்குக் கீழ்ப்பட்ட எவரும் சன்னமிட்டுச் சுடலாகாது. அதற்குக் காட்டிய காரணங்கள் இரண்டு: ஒன்று, எண்ணிறந்த பறவைகள் வீணே அழிகின்றன, மற்றொன்று, சன்னத்தால் சுடுவோன் குறிபார்த்துச் சுடப் பழகுவதில்லை, ஆகவே போர்க்களத்தில் பயன்படான். இச்சட்டம் 1695இலேயே நீக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம், பறவை சுடுதற்கு மிகப் பொருத்தமான வெடிமருந்துக் கருவி, பறவையால் மிகத் துன்புற்ற வகுப்பினருக்குச் சட்டப்படி எட்டாததாயிருந்தது.

அதே காலத்தில் காகத்தைக் கொல்லுக என்ற கட்டளையோ வலுப்பெற்றே வந்தது. எலிசபெத் அரசியின் 1566ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக்குக் கூலி நிர்ணயித்தது. மூன்று முதிர்ந்த காகங்களின் தலைக்கு ஒரு பென்னி. ஆறு குஞ்சுகளின் தலைக்கு ஒரு பென்னி. ஆறு முட்டைக்கும் அதுவே. மைனாவுக்கு உறவான ஸ்ராலிங் பறவையாயின் பன்னிரண்டு தலைக்கு ஒரு பென்னி. கோயிற்பற்று நிர்வாகிகள் நிலமுடையோரிடம் வரி திரட்டி இக்கூலியைக் கொடுத்தனர். ஒரே தலை இருமுறை விலைபோகாதவாறு, கொண்டுவரப்பட்ட தலைகள் அவர்கள் கண்முன்னே எரிக்கப்பட்டன அல்லது வெட்டிச் சிதைக்கப்பட்டன. அவர்கள் எழுதிவைத்த கணக்கேடுகள் இன்றும் பல உள. றொஜர் லவ்குறோவ் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூல் அவ்வேடுகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. ஆயினும் அச்சட்டத்திலும் ஒரு நிபந்தனை புகுத்தப்பட்டிருந்தது: காகத்தைக் கொல்லும் முயற்சியினால் பிரபுக்களுக்குரிய வேட்டைப் பருந்து, கொக்கு, அன்னம் ஆகியவற்றின் கூடுகளுக்கும் புறாக்கூடங்களுக்கும் இடையூறு நேரலாகாது. புறாக்கூடத்துப் புறாக்கள் அயலவன் வயலில் மேய்ந்தே கொழுத்தன என்பது அக்காலக் கமக்காரர் நன்கறிந்த செய்தி.

சட்டத்தின் உள்ளம் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதை 1604ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னனின் பாராளுமன்றம் இயற்றிய வேட்டைச் சட்டம் இன்னுந் தெளிவாகக் காட்டுகின்றது. காகம், காட்டுப்புறா போன்ற பறவைகளைச் சன்னமிட்டுச் சுட, நீதவான்களின் கூட்டத்தில் அனுமதி பெறலாம் என அது இடமளித்தது. அனுமதி பெறுவோன் வேட்டைக்குரிய உயர்ந்த பறவைகளைச் சுடேன் என்று 20 பவுணுக்குப் பிணை எழுதிக்கொடுத்தல் வேண்டும். ஆனால் அனுமதியின் நோக்கம் தானியத்தைக் காத்தலன்று. வளர்ப்புப் பருந்துக்கு இரை தேடுதலே. கனவானின் பருந்து பசித்தால் காகத்தைச் சுடலாம். கமக்காரனின் பிள்ளைகள் பசித்தால் வலை வீசலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் வேட்டைச் சட்டங்களின் கடுமை உச்சநிலையை அடைந்தது. இரண்டாம் சாள்ஸ் மன்னனின் 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண் தரும் சொந்த நிலமோ, 150 பவுண் பெறுமதியுள்ள நீண்டகாலக் குத்தகையோ இல்லாதவன் வேட்டைக்கு உரியவனல்லன். அத்தகையோர் வீட்டிலுள்ள துப்பாக்கிகளைத் தேடிப் பறிக்கும் அதிகாரம் பிரபுவின் வேட்டைக் காவலனுக்கு அளிக்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவுசெய்யும் வாக்குரிமைக்கு அக்காலத்தில் வேண்டியது ஆண்டுக்கு 40 சிலிங் தரும் நிலமே. ஆகவே நாட்டின் ஆட்சியில் பங்குபெறுதற்கு வேண்டிய சொத்தினும் ஒரு கவுதாரியைக் கொல்வதற்கு வேண்டிய சொத்து ஐம்பது மடங்காயிற்று. இவ்விகற்பத்தைச் சுட்டிக்காட்டி நகையாடியவர் சட்ட மேதையான பிளாக்ஸ்ரோன்.

திருப்பம் ஓசையின்றி வந்தது. ஆன் அரசியின் காலத்தில், 1706ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கப்படும் வேட்டைச் சட்டம் தகுதியற்றோர் வைத்திருக்கலாகாத பொருள்களை வரிசைப்படுத்தியபோது வேட்டை நாய்களையும் வலைகளையும் கூறிற்று; வேட்டைப் பிராணிகளை அழிக்கும் ஏனைய கருவிகள் என்றும் பொதுப்படக் கூறிற்று; துப்பாக்கியை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கிராமத்து நீதவான்களோ 'ஏனைய கருவிகள்' என்ற தொடருக்குள் துப்பாக்கியை அடக்கித் தண்டித்து வந்தனர். அவ்வாறு தண்டிக்கப்பட்ட கார்ட்னர் என்பவனின் வழக்கு 1739இல் மன்னர் மன்றத்தின் முன் வந்தது. அவன் துப்பாக்கியால் வேட்டையாடினான் என்பது குற்றச்சாட்டன்று, வைத்திருந்தான் என்பதே. அவன் சார்பில் எடுத்துரைக்கப்பட்ட வாதம் எளிமையானது. வெறுமனே வைத்திருத்தலே குற்றமாகும் பொருள்கள் வேட்டைப் பிராணிகளை அழிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாதவையாயிருத்தல் வேண்டும். துப்பாக்கி அத்தகையதன்று. வீட்டைக் காக்க அது வேண்டும். கமக்காரன் காகஞ் சுடவும் அது வேண்டும். மன்றம் தண்டனையைத் தள்ளுபடி செய்தது. 1752இல் தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கும் அதே வழியில் சென்றது.

ஆங்கிலேயரின் ஆயுத உரிமை பற்றி எழுதுவோர் இவ்வழக்கின் முதற்பாதியாகிய வீட்டுக் காவலையே பெரிதும் எடுத்தாள்வர், காகத்தை விட்டுவிடுவர். அது பொருத்தமன்று. வீட்டைக் காத்தல் எவருக்கும் உரிய நியாயம். காகஞ் சுடுதலோ உழவனுக்கே சிறப்பாக உரியது. அவன் துப்பாக்கியை மூலையில் மறைத்து வையாது, நண்பகலில், வெளியான நிலத்தில், தோளில் ஏந்தி நடப்பதற்குக் காரணம் கற்பித்தது அதுவே. வேட்டைக் காவலன் அஞ்சியதும் அத்தோற்றத்தையே. தோளில் துப்பாக்கியுடன் வரப்பில் நிற்பவன் காகத்துக்குக் காத்திருக்கின்றானா, கவுதாரிக்குக் காத்திருக்கின்றானா என்பதைத் தொலைவிலிருந்து அறிதல் எங்ஙனம்?

1831ஆம் ஆண்டுச் சட்டம் நிலத் தகுதியை ஒழித்து, கட்டணச் சான்றிதழ் பெற்ற எவரும் வேட்டையாடலாம் என்று விதித்தது. காகமும் காட்டுப்புறாவும் வேட்டைப் பறவைகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. 1870இல் வந்த துப்பாக்கி உரிமச் சட்டம் எல்லாத் துப்பாக்கிகளுக்கும், காற்றுத் துப்பாக்கிக்குங்கூட, ஆண்டுக்கு 10 சிலிங் வரி விதித்தது. இங்கே காகம் மீண்டும் தலைகாட்டுகின்றது. தன் நிலத்தில் பறவைகளை வெருட்டுவதற்கும் அழிவு செய்யும் பிராணிகளைக் கொல்வதற்கும் மாத்திரம் துப்பாக்கி ஏந்தும் கமக்காரனுக்கு வரி இல்லை. ஆனால் அவன் வேலையாளை அப்பணிக்கு அனுப்பினால், எசமானனிடம் உரிமம் இருத்தல் வேண்டும். தானே வயலில் நிற்கும் சிறு கமக்காரனுக்கு இச்சலுகை முழுப்பயன் தந்தது.

முதலாம் உலகப் போர் முடிந்ததும் அரசின் அச்சம் வேட்டைக் கள்வனிலிருந்து புரட்சிக்காரனுக்குத் திரும்பிற்று. 1920ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் றைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் பொலிசாரின் சான்றிதழ் வேண்டுமென்றது. சுரியற்ற குழலையுடைய சன்னத் துப்பாக்கியை விட்டுவைத்தது. இதனால் ஒரு விசித்திரம் விளைந்தது. மே மாதத்தில் கூட்டை விட்டுக் கிளைக்கு வரும் ரூக் குஞ்சுகளைச் சுடுவதற்கென்றே சிறிய குழலுடைய றைபிள்களைத் துப்பாக்கிக் கம்மியர் செய்து வந்தனர். கனவான்கள் அவற்றால் குறிபார்த்துச் சுட்டு மகிழ்ந்தனர், குஞ்சுகளின் இறைச்சி பணியாரத்துள் வைத்துச் சுடப்பட்டது. அந்த 'ரூக் றைபிள்' சான்றிதழுக்கு உட்பட்டது. கமக்காரனின் பழைய சன்னத் துப்பாக்கி உட்படவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலை தலைகீழாயிற்று. சன்னத் துப்பாக்கிக்குச் சான்றிதழ் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வகுக்கப்பட்டு மறுவருடம் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே பறவையின் சார்பிலும் சட்டம் பேசத் தொடங்கியது. 1954ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் பறவைகள் யாவற்றையும் காப்பதைப் பொதுவிதியாக்கி, காகம், ரூக், காட்டுப்புறா, ஊர்க்குருவி முதலியவற்றை நிலமுடையோர் கொல்லலாம் என்று விலக்களித்தது. எனினும் எத்துப்பாக்கியாலும் கொல்லலாம் என்றில்லை. வாயின் உள்விட்டம் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட குழலை எப்பறவைக்கும் பயன்படுத்தலாகாது. தோணியில் பொருத்தி நீர்ப்பறவைக் கூட்டத்தை ஒரே வெடியில் வீழ்த்தும் பெருந்துப்பாக்கிகளை மனத்திற்கொண்ட அளவு இது. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இவ்வளவைப் பேணியதோடு, தானியங்கித் துப்பாக்கிகளையும், இரண்டுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் அடங்கும் அறையையுடைய அரைத் தானியங்கிகளையும், இரவிற் குறிபார்க்கும் கருவிகளையும் விலக்கியது. பின்னர் அழிவு செய்யும் பறவைகள் பொது உரிமங்களின் கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, அவற்றுக்கு எதிராக மட்டும் அரைத் தானியங்கி மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

ஹங்கர்போட் ஊரில் 1987இல் நிகழ்ந்த படுகொலையின் பின், 1988ஆம் ஆண்டுச் சட்டம் சன்னத் துப்பாக்கிச் சான்றிதழுக்கும் தக்க காரணம் வேண்டுமென்றது. எவை தக்க காரணம் என்று அச்சட்டமே சிலவற்றைக் குறிப்பிடுகின்றது: விளையாட்டு, போட்டி, அழிவு செய்யும் பிராணிகளைச் சுடுதல். வீட்டுக் காவல் அவற்றுள் இல்லை. கார்ட்னர் வழக்கில் இணைபிரியாது நின்ற இரு நியாயங்களுள், சட்டநூலில் ஏறி நிலைத்தது உழவனின் நியாயமே.

ஆனால் அந்நியாயமும் இப்போது வினாவுக்கு உள்ளாகியுள்ளது. காட்டுப்புறாவைப் பற்றி மேட்டன் என்ற அறிஞரும் அவருடன் உழைத்தோரும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்த ஆராய்ச்சி, பனிக்காலத்தில் கூட்டங்கூடிச் சுடுவதனால் புறாத்தொகை குறைவதில்லை என்று காட்டியது. உணவின்மையால் எப்படியும் மடியவிருந்த பறவைகளே பெரும்பாலும் சுடப்பட்டன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் தேதி, வைல்ட் ஜஸ்ரிஸ் என்னும் அமைப்பின் சட்ட எதிர்ப்பை அடுத்து, இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் மூன்று பொது உரிமங்களை மீட்டுக்கொண்டது. வேறு நல்வழி இல்லை என்பதை உரிமம் வழங்கும் அதிகாரியே உறுதிசெய்தல் வேண்டும். சுடுவோனின் தீர்ப்புக்கு விடலாகாது என்பதே எதிர்ப்பின் சாரம். விதைப்புப் பருவத்தில் கமக்காரர் கொதித்தெழுந்தனர். மறுநாளே காகத்துக்கென ஒரு புதிய உரிமம் வெளியாயிற்று, ஏனையவை பின்தொடர்ந்தன. அவற்றின் கீழ் ஆங்கிலக் கமக்காரன் துப்பாக்கியை எடுக்குமுன் வெருட்டுதலையும் வலையிட்டு மறைத்தலையும் முயன்று பார்த்தல் வேண்டும்.