ஓலைச்சுவடியும் இரப்பர் இலையும்



நம் முன்னோர் பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவி, துளையிட்டுக் கயிற்றில் கோத்துச் செய்யுள்களைக் காத்தனர். ஓலை கிழியும் என்றஞ்சி, மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. சுவடிப் பாடம் நடத்துகையில் நான் முதலில் சொல்வது இப்புள்ளியின் கதையையே. அத்தகைய ஏடுகளை ஒப்பிட்டாய்ந்தே உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

அன்று அஞ்சிய துளையே பின்னாளில் கலையாயிற்று. சென்னையில் 1994இல் தோன்றிய தாரா பதிப்பகம், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பாடலொன்றைக் கோண்டு ஓவியர் ராம்சிங் ஊர்வேதியின் சித்திரங்களோடு வெளியிட்டது. தாளில் வெட்டிய துளைகளின் வழியே அடுத்த பக்கச் சொற்கள் தெரிய, பாடலின் மறைபொருள் விளங்கும். பருத்திக் கழிவால் செய்த கைத்தாளில் கையால் அச்சிட்டுத் தைத்த நூல்களையும் இப்பதிப்பகம் வெளியிட்டுள்ளது.

நமது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. பால்மரம் வெட்டியோரின் பாடல்களும் அவர்களோடு மறைகின்றன. நீரில் ஊறி நரம்பு மட்டும் எஞ்சிய இரப்பர் இலையைத் தாளில் ஒட்டி, பாட்டியிடம் கேட்ட பாடலை அருகில் எழுதி, பிள்ளைகள் தம் கையால் தைத்து நூலாக்கட்டும். பாட்டி இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள்.