அராஜகம்: யார் இல்லாத நிலை?

பூதலூர் சுவர்களில் எந்தக் கட்சி சுவரொட்டி ஒட்டினாலும் அதில் 'காவல்துறையின் அராஜகம்' என்றொரு வரி இருக்கும். கொஞ்சம் நின்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அ-ராஜகம் என்றால் ராஜா இல்லாத நிலை. ராஜாவின் ஆளே அடிக்கும்போது அது எப்படி அராஜகமாகும்?

வடமொழி மரபில் இச்சொல் அச்சத்தின் சொல். தசரதன் இறந்தபின் அரசனில்லா நாட்டுக்கு என்னென்ன கேடு வரும் என்று வால்மீகி பட்டியலிடுகிறார். சாந்தி பருவத்தில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் கதை. ஆக அரசன் வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைக்கும் சொல்லாடல் இது. குறளோ செங்கோன்மையை அடுத்து உடனே கொடுங்கோன்மையை வைக்கிறது. அங்கே வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடப்படுவது அரசனேதான். நம்ம சுவரொட்டி எழுதுகிறவர் வடமொழிச் சொல்லை எடுத்து குறளின் பொருளில் வழங்குகிறார். அகராதி இதைப் பிழை என்னலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜப்பானியர்கள் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'முஹோ' என்றால் சட்டமின்மை. 'முசெய்ஃபு' என்றால் அரசாங்கமின்மை. அரசின்மைவாதத்துக்கு அங்கே 'முசெய்ஃபு-ஷுகி' என்று பெயர். 1923 நிலநடுக்கக் குழப்பத்தில் அந்த வாதம் பேசிய ஒசுகி சகாயேவையும், இதோ நோயேவையும், கூட இருந்த ஆறு வயதுப் பையனையும் ராணுவப் போலீஸ் கொன்றது. கொன்ற அதிகாரிக்குப் பத்து வருஷத் தண்டனை. மூன்றே வருஷத்தில் வெளியே வந்துவிட்டான். முசெய்ஃபு பேசியவர்கள் செத்தார்கள். முஹோ செய்தது அரசாங்கம்.

கீழத்தஞ்சைக்கு வருவோம். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த காலத்தில் அதை யாரும் அராஜகம் என்று சொல்லவில்லை. அது 'வழக்கம்', 'ஊர்க்கட்டுப்பாடு'. 1940களில் சீனிவாசராவ் வந்து சங்கம் வைத்தபிறகு கொடி ஏற்றியதுதான் 'கலகம்', கூலி கேட்டது 'திமிர்'. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இத்தனை நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்களா என்ற தொனியில் போகிறது தீர்ப்பு. சொத்துள்ளவனுக்கு அராஜகம் செய்யத் தெரியாது என்பது அங்கே சட்டத்தின் மொழியாகவே ஆகிவிட்டது.

'சட்டம் ஒழுங்கு' என்று இரண்டையும் ஒட்டிச் சொல்லிப் பழகிவிட்டோம். வெண்மணியில் ஒழுங்கு கெட்டது என்று மிராசுதார்கள் சொன்னது தீ வைத்த இரவையல்ல. அரைப்படி நெல் கூடக் கேட்ட நாளை.